லிங்க்ட்இன்னா, வாட்ஸ்அப் குழுவா, இன்ஸ்டாவா? தொழில் தொடர்புக்கு எதில் நேரம் போடலாம்

திருப்பூரில் ஒரு பையிங் ஆபீஸில் மெர்ச்சண்டைசராக (வெளிநாட்டு பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே நின்று ஆர்டரை நடத்துபவர்) இருப்பவர், கோயம்புத்தூரில் சொந்தமாக இரண்டு வி.எம்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டிச் செதுக்குவது) போட்டிருப்பவர், சென்னையில் மூன்று வருட அனுபவமுள்ள மென்பொருள் டெஸ்டர், மதுரையில் கல்யாண போட்டோ எடுப்பவர். இப்படி வெவ்வேறு தொழிலில் இருக்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எதுல அக்கவுண்ட் வெச்சா வேலைக்கு ஆகும்?" கூடவே ஒரு புலம்பலும் வரும். எல்லாவற்றிலும் கணக்கு இருக்கிறது, எதிலிருந்தும் ஒன்றும் வரவில்லை.

எல்லாவற்றிலும் இருப்பதுதான் பல நேரம் பிரச்சினையே. வேலை, வீடு போக ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மிஞ்சினால் பெரிது. அதை ஐந்து செயலிகளுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஆறு நிமிடம், எல்லா இடத்திலும் வெறுமனே எட்டிப்பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். ஆகவே ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று தேர்ந்தெடுப்பதற்கான கட்டுரை இது. ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் கேட்கிறவர் பக்கத்தைவிடத் தேடுகிறவர் பக்கத்திலிருந்துதான் எனக்கு இது அதிகம் தெரியும். அந்தச் சாய்வு கட்டுரையில் இருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

வேலை கொடுப்பவர் அங்கே இருக்கிறாரா? உங்களுக்கு ஆர்டர் தருபவர், உங்களை வேலைக்கு எடுப்பவர், உங்கள் பெயரை அவர் காதில் போடக்கூடியவர். இந்த மூவரில் ஒருவராவது அங்கே அடிக்கடி வர வேண்டும். உங்களைப் போலவே வேலை தேடும் ஆயிரம் பேர் மட்டும் இருக்கிற இடத்தில் ஆறுதல் கிடைக்கும், வேலை கிடைப்பது கஷ்டம்.

முன்பின் தெரியாதவரிடம் பேச வழி உண்டா? சில இடங்களில் தெரியாதவருக்கு எழுதுவது சகஜம். சில இடங்களில் அது அத்துமீறல்.

தேடினால் அகப்படுவீர்களா? நீங்கள் எதுவும் போடாத வாரத்திலும், ஒருவர் உங்கள் தொழிலையும் ஊரையும் தட்டினால் உங்கள் பெயர் வருமா என்பது.

என்னென்ன வெளியே போகிறது? போன் நம்பர், இப்போதைய முதலாளிக்குத் தெரியக்கூடாதது, வாடிக்கையாளரின் ரகசியம், தேர்தல் சமயத்தில் நீங்கள் போட்ட ஸ்டேட்டஸ்.

மறைமுகச் செலவு என்ன? பெரும்பாலும் நேரம். சில இடங்களில் பணம். கணக்கு ஒரு நாள் முடங்கிப்போனால் கையில் என்ன மிஞ்சும் என்பதையும் இதில்தான் சேர்க்க வேண்டும்.

## அதற்கு முன் ஒரு கேள்வி

உங்கள் தொழிலில் வேலை யார் மூலம் வருகிறது? நன்றாகப் பழகியவர் மூலமா, அரைகுறையாகத் தெரிந்தவர் மூலமா?

இதைச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-லேயே கேட்டார். அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் பேசினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்போம் என்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 56 பேர். வருடத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 28 பேர். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும். புதுச் செய்தி வேறு வட்டத்தில் இருப்பவரிடமிருந்துதான் வரும்.

இது லிங்க்ட்இன்னில் மிகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. "உங்களுக்கு இவரைத் தெரிந்திருக்கலாம்" என்று அது ஆள் காட்டுமே, அந்தப் பட்டியலை ஆளுக்கு ஆள் மாற்றி, ஐந்து ஆண்டுகளில் 2 கோடிப் பேரின் வேலை மாற்றங்களைப் பார்த்தார்கள். 2022-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. (சோதிக்கப்படுகிறோம் என்பதே பயனர்களுக்குத் தெரியாது என்ற கண்டனமும் சேர்ந்தே வந்தது.) மிக நெருங்கியவரும் அவ்வளவாக உதவவில்லை, அறவே தெரியாதவரும் உதவவில்லை. உங்களுக்கும் அவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் அளவில் இருக்கிற, ஓரளவு தெரிந்த தொடர்புகள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் கைகொடுத்தன.

நமக்கு முக்கியமானது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. கம்ப்யூட்டரும் மென்பொருளும் அதிகம் புழங்கும் துறைகளில்தான் இப்படி. அவை குறைவாக இருக்கும் துறைகளில் நெருங்கிய தொடர்புகளே அதிகம் உதவின. எந்தச் செயலி என்ற கேள்வியில் பாதிக்கு இங்கேயே விடை இருக்கிறது. சென்னை டெஸ்டருக்கு அரைகுறையாகத் தெரிந்த நூறு பேர் வேண்டும். கோயம்புத்தூர் மெஷின்காரருக்கு அவரை நம்பி ட்ராயிங் கொடுத்தனுப்பும் பத்துப் பேர் வேண்டும். முன்னது லிங்க்ட்இன் செய்யும் வேலை, பின்னது வாட்ஸ்அப் குழு செய்யும் வேலை. மற்றவை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ வருகின்றன.

## லிங்க்ட்இன்

2003-ல் தொடங்கி, 2016-ல் 2,620 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. 2023 நவம்பரில் உறுப்பினர் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியதாக அறிவித்தார்கள். அமெரிக்காவுக்கு அடுத்து அதிகம் பேர் இந்தியாவில்தான். இந்தக் கணக்கைக் காட்டித்தான் எல்லோரும் சேரச் சொல்கிறார்கள். உண்மையான காரணம் வேறு. மற்றச் சமூக ஊடகங்களில் ஆள் தேடுவது யாருக்கும் முழுநேர வேலை கிடையாது. இங்கே ரிக்ரூட்டர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு காலை முதல் மாலை வரை தேடுகிறார்கள்.

எப்படித் தேடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெட்டியில் தொழில் சொல்லைத் தட்டுவோம், ஊர், அனுபவ வருடம் என்று வடிகட்டுவோம், வருகிற பட்டியலில் பெயரையும் அதன் கீழ் இருக்கும் ஹெட்லைனையும் மட்டும் பார்த்துக்கொண்டே இறங்குவோம். ஹெட்லைனுக்கு 220 எழுத்துகள் இடம் இருக்கிறது. அதில் "கற்றலில் தாகம் கொண்டவன், கனவுகளைத் துரத்துபவன்" என்று இருந்தால் கை நிற்காது. "டெஸ்ட் இன்ஜினியர், செலினியம், ஏ.பி.ஐ. டெஸ்டிங், பேங்கிங் ப்ராஜெக்ட், 3 வருடம், சென்னை" என்று இருந்தால் நிற்கும். இந்த வரி மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், தேடுபவர் ஆங்கிலத்தில்தான் தட்டுவார். போஸ்ட்டும் கமெண்ட்டும் தமிழில் எழுதினால் குடி முழுகிப்போகாது. தமிழில் தெளிவாக எழுதுபவர்கள் அங்கே குறைவு என்பதால் நினைவிலும் நிற்பார்கள்.

தினமும் போஸ்ட் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர்களை நான் நம்புவதில்லை. உங்கள் துறையில் பத்து வருடம் மூத்த ஒருவர் எழுதியதன் கீழே, உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்றைச் சேர்த்து நான்கு வரி கமெண்ட் போடுவது, மொட்டையாக ஒரு போஸ்ட் போடுவதைவிடப் பலன் தரும். அவரைத் தொடர்பவர்களும் அதைப் படிக்கிறார்கள், ஓரளவு தெரிந்தவர்கள் அப்படித்தான் சேர்கிறார்கள். "அருமை சார்", "வாழ்த்துகள்" எல்லாம் இந்தக் கணக்கில் வராது.

ரெஃபரல் கேட்கக் கூச்சப்படுபவர்களுக்கு ஒன்று. பல ஐ.டி. கம்பெனிகளில், தான் பரிந்துரைத்தவர் வேலையில் சேர்ந்து சில மாதம் நிலைத்தால் பரிந்துரைத்த ஊழியருக்கு போனஸ் உண்டு. நீங்கள் கேட்பது வெறும் உபகாரம் இல்லை, அவருக்கும் அதில் லாபம் இருக்கலாம். ஆனால் எந்த வேலை, அதன் ஜாப் ஐ.டி. என்ன, நீங்கள் ஏன் பொருத்தம் என்று மூன்று வரியில் எழுதிக் கொடுத்தால்தான் அவர் அசைவார்.

மறைமுகச் செலவுகள் இங்கே நிறைய.

இலவசக் கணக்கில், கனெக்‌ஷன் கேட்கும்போது கூடவே குறிப்பு எழுதி அனுப்ப மாதத்துக்குச் சில தடவைதான் விடுவார்கள், அதுவும் 200 எழுத்துக்குள். ஆகவே அதை ஊர்பேர் தெரியாத சி.இ.ஓ.வுக்கு வீணாக்காமல், பதில் சொல்ல வாய்ப்புள்ளவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் ஒரு மாதம் இலவசம் என்று வரும். கார்டு கேட்பார்கள், தேதியைக் குறித்துவைத்து நிறுத்தாவிட்டால் பணம் போகும். தீவிரமாக வேலை தேடும் ஒன்றிரண்டு மாதத்துக்கு வேண்டுமானால் எடுக்கலாம், மற்றபடி தேவையில்லை.

"ஓப்பன் டு ஒர்க்" என்று படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டால் உங்கள் மேனேஜருக்கும் தெரியும். ரிக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் அமைப்பும் உண்டு. உங்கள் கம்பெனியின் ரிக்ரூட்டர்களிடமிருந்து மறைக்க முயல்வோம் என்கிறார்கள், உறுதி தரவில்லை. யாருடைய ப்ரொஃபைலைத் திறந்து பார்த்தாலும் அவருக்கு உங்கள் பெயர் தெரியும், செட்டிங்கில் மாற்றினால் ஒழிய. வேலை மாறும் யோசனையில் ப்ரொஃபைலைத் திருத்தும்போது, மாற்றங்களைத் தொடர்புகளுக்கு அறிவிக்கும் பட்டனை அணைத்துவிட்டுத் திருத்துங்கள். போனிலுள்ள எல்லா நம்பரையும் சேர்க்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பயனர்களின் முகவரிப் புத்தகத்திலிருந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப அழைப்பு அனுப்பியது பற்றிய வழக்கை 2015-ல் 1.3 கோடி டாலர் கொடுத்துத்தான் லிங்க்ட்இன் முடித்துக்கொண்டது.

அப்புறம் அந்த ஊரின் பாஷை. மூன்று வயது மகன் சோறு சாப்பிட மறுத்ததிலிருந்து தலைமைப் பண்பு கற்றுக்கொண்டேன் என்று எழுதுகிறவர்களைப் படித்து அரை மணி நேரம் போய்விடும். அதுவும் செலவுதான்.

யாருக்கு ஏற்றது: ஐ.டி., சாஸ் கம்பெனிகள் (இணையம் வழியே சந்தா முறையில் மென்பொருள் தருபவை), வங்கி, நிதி, ஹெச்.ஆர்., கார்ப்பரேட் விற்பனை, ஒரகடம் பக்கத்துப் பன்னாட்டு ஆட்டோ கம்பெனிகளில் வேலை தேடும் இன்ஜினியர்கள், வெளிநாட்டு பையரோடு பேச வேண்டிய ஏற்றுமதிக்காரர்கள். யாருக்கு வேண்டாம்: வாடிக்கையாளர்கள் எல்லோரும் இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற தொழில்கள்.

## வாட்ஸ்அப் குழு

இதைத் தொழில் வலைப்பின்னல் என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டின் தொழில் நகரங்களிலோ நிஜமான கொடுக்கல் வாங்கலில் பெரும்பங்கு இதில்தான் நடக்கிறது. திருப்பூரில் பவர் டேபிள் (தையல்) ஜாப் ஒர்க், நாமக்கல்லில் லாரிக்குத் திரும்பும் லோடு, கரூரில் மீந்துபோன நூல், கோயம்புத்தூரில் மெஷின் நேரம். இதையெல்லாம் லிங்க்ட்இன்னில் தேடினால் ஒன்றும் வராது.

குழுவின் பலம், உள்ளே இருப்பவரை யாரோ ஒருவர் சேர்த்துவிட்டிருக்கிறார் என்பது. அந்த யாரோ ஒருவர்தான் ஜாமீன். "இவர் டெலிவரி எப்படி?" என்று அட்மினிடம் தனியாகக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். நெருங்கிய தொடர்பு வேலை செய்யும் துறைகளுக்கு இதைவிட வேகமான விசாரணை கிடையாது.

என்ன எழுதுகிறோம் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. பெரும்பாலான குழுக்களில் தினமும் காலையில் விழும் செய்தி இது:

"அனைத்து விதமான மெஷினிங் வேலைகளும் சிறந்த முறையில் குறித்த நேரத்தில் செய்து தரப்படும். தொடர்புக்கு…"

இதை யாரும் படிப்பதில்லை. இதே ஆள் இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"கோயம்புத்தூர் கணபதி ஏரியா. வி.எம்.சி. 2 மெஷின், 1000 × 500 வரை பிடிக்கும். அலுமினியம், எம்.எஸ். ஓட்டுகிறோம். 18-ம் தேதியிலிருந்து நைட் ஷிஃப்ட் காலி. 50 பீஸிலிருந்து எடுப்போம். முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டோடு வரும். ட்ராயிங் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம்."

ஊர், மெஷின், அளவு, தேதி, எண்ணிக்கை. ஆர்டர் கையில் வைத்திருப்பவருக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. கடைசி வரி இவர் ரகசியம் காப்பவர் என்பதையும் காட்டிவிடுகிறது.

இந்த வழியில் வருகிறவர்கள் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போட்டுக்கொள்வது நல்லது. இலவசம்தான். கேட்டலாக்கில் நான்கு படம் வைத்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டியதில்லை. "கொட்டேஷன் கொடுத்தது", "பணம் பாக்கி" என்று லேபிள் ஒட்டிக்கொள்ளலாம்.

செலவு என்று பார்த்தால், முதலாவது நம்பர். ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். சேர்ந்த நொடியில் அத்தனை பேர் கைக்கும் உங்கள் நம்பர் போய்விடுகிறது. லோன் வேண்டுமா என்ற அழைப்பு அடுத்த வாரம் ஆரம்பிக்கும். தொழிலுக்கு வேறு சிம் வைத்திருப்பவர்கள் பிழைத்தார்கள். "என்னை யார் குழுவில் சேர்க்கலாம்" என்ற செட்டிங்கைக் கண்டிப்பாக மாற்றிவையுங்கள். இரண்டாவது, குழுவில் பேசியது கூகுளில் வராது. போன மாதம் ஒருவருக்கு அருமையாக விளக்கம் சொன்னீர்கள் என்பது குழுவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. மூன்றாவது, அட்மினுக்கும் உங்களுக்கும் மனஸ்தாபம் என்றால் ஒரு தட்டலில் வெளியே. ஆகவே குழுவில் பழகிய பத்துப் பேரின் நம்பரையாவது தனியாகச் சேமித்துவைக்க வேண்டும்.

வேலை வாய்ப்பு என்று வரும் ஃபார்வர்டுகள் தனிக் கதை. வீட்டிலிருந்தே வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று தொடங்கி டெலிகிராம் குழுவுக்கு இழுத்துப்போய், முதலில் கொஞ்சம் கொடுத்துவிட்டு அப்புறம் "டெபாசிட்" கேட்கும் மோசடியில் படித்தவர்களே சிக்குகிறார்கள். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது: உற்பத்தி, ஜாப் ஒர்க், சரக்குப் போக்குவரத்து, கட்டுமானம், ஏஜென்சி, உள்ளூர் சேவைகள். யாருக்கு வேண்டாம்: ஊர் மாறி, துறை மாறிப் போக நினைப்பவர்களுக்கு. இருக்கிற வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

## இன்ஸ்டாகிராம்

கண்ணால் பார்த்து முடிவெடுக்கிற தொழிலா? அப்படியானால் இது. கல்யாண போட்டோ, பிரைடல் மேக்கப், ஆரி ஒர்க் ப்ளவுஸ், கேக், இன்டீரியர், மேடை அலங்காரம்.

இதை எல்லோரும் வாடிக்கையாளரைப் பிடிக்கும் இடமாக மட்டுமே பார்க்கிறார்கள். சக தொழில்காரர்களைப் பிடிக்கும் இடமாகத்தான் இது அதிகம் உதவும். கல்யாணத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். முகூர்த்த நாள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆவணியில் ஒரு வளர்பிறை முகூர்த்தத்துக்கு ஓர் ஊரில் அத்தனை மண்டபமும் நிரம்பியிருக்கும். நல்ல பெயருள்ள போட்டோகிராபரை அதே நாளுக்கு நான்கைந்து பேர் கேட்பார்கள். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை யாருக்கோ கைகாட்டிவிடுகிறார். அந்த யாரோ நீங்களாக இருக்க வேண்டும். முதல் அளவுகோலில் உங்களைப் போன்றவர்கள் கூட்டத்தால் பலன் இல்லை என்றேனே, இந்தத் தொழில் அதற்கு விலக்கு.

கைகாட்டுவதற்கு அவர் உங்கள் படங்களைப் பார்த்திருக்க வேண்டும், ஒரு தடவையாவது உங்களோடு பேசியிருக்க வேண்டும். வழி இதுதான்: ஒரு கல்யாணம் முடிந்ததும் மேக்கப் செய்தவருக்கு முகம் தெளிவாகத் தெரியும் நான்கு படம், அலங்காரம் செய்தவருக்கு ஆளில்லாத மேடைப் படம் இரண்டு, கேட்காமலே அனுப்பிவிடுங்கள். அவர்கள் தங்கள் பக்கத்தில் உங்களை டேக் செய்து போடுவார்கள். அடுத்த மணப்பெண் "போட்டோவுக்கு யாரைச் சொல்லலாம்?" என்று முதலில் கேட்பது பெரும்பாலும் மேக்கப் செய்பவரைத்தான்.

செலவு: ஒரு ரீல் எடிட் செய்ய இரண்டு மணி நேரம் போகும். ஆடியிலும் மார்கழியிலும் உட்கார்ந்து மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்பவர்கள் புத்திசாலிகள். பிசினஸ் கணக்காக மாற்றினால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற விவரம் கிடைக்கும், ஆனால் பிரபலமான சினிமாப் பாட்டுகள் பலவற்றைப் பயன்படுத்த முடியாது. மணமக்களிடம் படத்தைப் போடச் சம்மதம் வாங்கி, அதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிட வேண்டும். கணக்கு ஹேக் ஆனால் வருடக்கணக்கான உழைப்பு ஒரே நாளில் போகும், இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள்.

கணக்கு எழுதுபவர், டெஸ்டர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போன்றவர்கள் இங்கே மெனக்கெட வேண்டியதில்லை. ரீலில் ஆடிப்பாடி எக்ஸெல் சொல்லிக்கொடுத்தால் ஃபாலோயர் வருவார்கள், அது வேறு தொழில்.

## ஃபேஸ்புக், எக்ஸ்: சுருக்கமாக

ஃபேஸ்புக் செத்துப்போச்சு என்பவர்கள் நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள். தமிழில் நீளமாக எழுதவும், எழுதியதைப் படிக்கவும் ஆள் இருக்கும் இடம் இன்னும் அதுதான். விவசாயம், ஆசிரியப் பணி, வீடு கட்டுமானம், மொழிபெயர்ப்பு, பதிப்பு ஆகியவற்றில் குழுக்கள் உயிரோடு இருக்கின்றன. கேள்வி கேட்பவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் ஆள் என்று அங்கே பெயர் வாங்கினால் வேலை தேடிவரும். சொந்தக் கணக்கில் நண்பர்கள் 5,000 பேரோடு நின்றுவிடும், தொழிலுக்குத் தனிப் பக்கம் வேண்டும். முக்கியமான செலவு, சொந்தக்காரர், சாதிச் சண்டை, கட்சிச் சண்டை எல்லாம் அதே திரையில் இருப்பது. ஆள் எடுப்பவர்கள் பார்க்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பார்க்கிறோம்.

எக்ஸ், 2022 அக்டோபரில் எலான் மஸ்க் வாங்கி, 2023 ஜூலையில் பெயரை மாற்றும்வரை ட்விட்டர். பத்திரிகையாளர், ஆய்வாளர், கொள்கை பேசுபவர், ஸ்டார்ட்அப் நடத்துபவர் ஆகியோருக்கு இன்னும் பயன்படும். முன்பின் தெரியாத பெரிய ஆளுக்குப் பொதுவில் ஒரு நல்ல கேள்வியைப் போட்டுப் பதில் வாங்குவது இங்கே நடக்கும் காரியம். எரிச்சலில் போட்ட ஒரு வரி ஸ்க்ரீன்ஷாட்டாக ஐந்து வருடம் கழித்து வருவதும் இங்கேதான். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

## ஒரே பார்வையில்

| | லிங்க்ட்இன் | வாட்ஸ்அப் குழு | இன்ஸ்டாகிராம் | ஃபேஸ்புக் குழு | எக்ஸ் |
|---|---|---|---|---|---|
| வேலை கொடுப்பவர் இருக்கிறாரா | கார்ப்பரேட் என்றால் ஆம் | சிறுதொழில், உள்ளூர் என்றால் ஆம் | கண்ணுக்குத் தெரியும் தொழில்களில் ஆம் | துறையைப் பொறுத்து | ஊடகம், ஸ்டார்ட்அப் மட்டும் |
| தெரியாதவரிடம் பேசுவது | சகஜம், இலவசத்தில் வரம்பு உண்டு | யாராவது அறிமுகம் செய்ய வேண்டும் | சகஜம் | குழுவுக்குள் சகஜம் | பொதுவில் எளிது |
| தேடினால் அகப்படுவது | நன்றாக | இல்லை | ஓரளவு | ஓரளவு | ஓரளவு |
| வெளியே போவது | வேலை மாறும் எண்ணம் | போன் நம்பர் | வாடிக்கையாளர் படம் | குடும்பம், அரசியல் | கருத்து முழுவதும் |
| பெரிய செலவு | வெட்டியாகப் படிக்கும் நேரம், பிரீமியம் | இரைச்சல், லோன் அழைப்பு | எடிட்டிங் நேரம் | வாக்குவாதம் | மன நிம்மதி |
| பலன் தெரிய | சில மாதம் | சில நாள், வாரம் | ஒரு கல்யாண சீசன் | மெதுவாக | சொல்ல முடியாது |

## அப்படியானால் யார் எதை எடுப்பது

சென்னை டெஸ்டருக்கு யோசிக்கவே வேண்டாம், லிங்க்ட்இன். இரண்டாவதாக ஒன்று வேண்டுமென்றால் கிட்ஹப்பில் (புரோகிராம் கோடை வைத்து மற்றவருக்குக் காட்டும் தளம்) தான் எழுதிய டெஸ்ட் ஸ்கிரிப்டுகளை ஒழுங்காக வைப்பது இன்னொரு சமூக ஊடகக் கணக்கைவிட மேல்.

வி.எம்.சி. வைத்திருப்பவருக்கு வாட்ஸ்அப் முதலில். வெளிநாட்டு ஆர்டர் பிடிக்க வேண்டும், பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவை எட்ட வேண்டும் என்ற கட்டம் வரும்போது லிங்க்ட்இன்னில் கம்பெனிப் பக்கம் ஒன்று. அதுவரை தேவையில்லை.

மதுரை போட்டோகிராபருக்கு இன்ஸ்டா, அதோடு ஊர் போட்டோகிராபர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. முகூர்த்த நாள் கைமாற்றமெல்லாம் கடைசியில் அந்தக் குழுவில்தான் முடியும்.

குழப்பம் மெர்ச்சண்டைசருக்குத்தான். அவர் வேலை இரண்டு பக்கமும் இருக்கிறது. பையர் பக்கம் லிங்க்ட்இன், ஃபேக்டரி பக்கம் வாட்ஸ்அப். வேலை மாற நினைத்தால் முன்னது, இருக்கும் வேலையை ஓட்டப் பின்னது. ஆனால் ஒரு எச்சரிக்கை. கடைக்கு வராத சீசனின் சாம்பிளைக் கையில் பிடித்துக்கொண்டு, லேபிள் தெரியப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. பிராண்டோடு போட்ட ரகசிய ஒப்பந்தப்படி அது ஆர்டரையே நிறுத்தக்கூடிய தவறு. பின்னணியில் டேபிள் மேல் கிடக்கும் டெக் பேக்கும் (உடையின் வடிவமைப்பு, அளவு விவரத் தாள்) இதில் சேர்த்தி. என்ன செய்தேன் என்று காட்ட வேண்டுமென்றால், எத்தனை ஸ்டைல், என்ன துணி, ஆர்டரிலிருந்து சரக்கு போக எத்தனை நாள் (லீட் டைம்) என்று எழுத்தில் சொன்னால் போதும்.

வக்கீல்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. இந்திய பார் கவுன்சில் விதி 36, நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதைத் தடுக்கிறது. இணையதளங்கள் மூலம் வக்கீல் சேவையை விளம்பரம் செய்வதற்கு எதிராக 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் கடுமையாகச் சொல்லிவிட்டது. சட்டத்தை விளக்கி எழுதலாம், "ஜாமீனுக்கு அணுகவும்" என்று ரீல் போடக்கூடாது. மருத்துவர்களுக்கும் நோயாளிகளை விளம்பரம் செய்து அழைப்பதில் தடைகள் இருக்கின்றன. அரசு ஊழியர்கள் தங்கள் நடத்தை விதிகளைப் படித்துவிட்டுத்தான் எந்தக் கணக்கிலும் வேலை பற்றி எழுத வேண்டும்.

## முதல் செய்தி

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் தெரியாத ஒருவருக்கு முதலில் எழுத வேண்டி வரும். என் இன்பாக்ஸில் அதிகம் கிடப்பது "ஹாய் சார்" என்ற இரண்டு சொல். பதிலுக்கு நானும் ஹாய் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். அடுத்தது, ஒரு வார்த்தை கூட இல்லாமல் வந்து விழும் ரெஸ்யூமே.

பதில் போட வைத்த செய்திகள் ஏறக்குறைய இந்த மாதிரி இருந்தன:

"வணக்கம் சார். ஏ.பி.ஐ. டெஸ்டிங் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் பேங்கிங் ப்ராஜெக்டில் 3 வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஆட்டோமேஷன் பக்கம் போக நினைக்கிறேன். பைதான் முதலில் கற்பதா, ஜாவாவா என்பதில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும். நேரம் கிடைக்கும்போது ஒரு வரி போதும்."

வேலை கேட்கவில்லை. ஒரு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதிலைக் கேட்கிறார். பதில் கிடைத்தபின் மூன்று வாரம் கழித்து, "நீங்கள் சொன்னபடி பைதான் தொடங்கினேன், இதுவரை செய்தது இது" என்று இன்னொரு செய்தி வந்தால் அவரை எனக்கு ஓரளவு தெரியும் என்றாகிவிடுகிறது. எங்கள் டீமில் இடம் காலியாகும்போது ஞாபகம் வருவது அப்படிப்பட்ட பெயர்தான். பெயருக்குப் பின்னால் சார், மேடம் போடுவதா என்று சிலர் தயங்குகிறார்கள். சந்தேகம் இருந்தால் போட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "டியர்", "ப்ரோ" இரண்டும் வேண்டாம்.

## தொடங்குமுன்

லிங்க்ட்இன் கணக்கை ஆபீஸ் மெயிலில் திறந்திருக்கிறீர்களா என்று ஒரு தடவை பாருங்கள். கல்லூரி மெயிலில் திறந்தவர்களும் பார்க்க வேண்டும். வேலையை விட்ட அன்று சாயங்காலமே அந்த மெயில் மூடப்படும். பாஸ்வேர்டு மறந்து போயிருந்தால் ரீசெட் லிங்க் அந்த மூடிய பெட்டிக்குத்தான் போகும். சொந்த மெயிலைச் சேர்த்து, அதையே முதன்மை முகவரியாக மாற்றிவிட்டு, போன் நம்பரும் கம்பெனி சிம் இல்லாமல் உங்கள் பெயரில் உள்ளதுதானா என்று சரிபாருங்கள். இரண்டும் சேர்த்து ஐந்து நிமிட வேலை. ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது.